சிட்லபாக்கத்திலிருந்து நாலு மணி நேரம்

1

போன வாரம் என் மகள் நிலா கைபேசியில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. விமானத்தில் நான்கு மணி நேரம்தான். அப்படியென்றால் தாத்தா இங்கு வருவதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின?" என்று கேட்டாள்.

அவள் பேசுவது அப்படித்தான். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவள் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறாள். தோழிகளோடு இங்கிலீஷ், எங்களோடு பாடப்புத்தகம். 'ஆயின' என்று சொல்லும் பிள்ளையை நான் சிட்லபாக்கத்தில் ஒருநாளும் கண்டதில்லை. முதலில் கவலையாக இருந்தது. இப்போது பழகிவிட்டது, கொஞ்சம் பெருமையும்கூட.

கேள்வி என்னவோ நியாயமானதுதான். நாலு மணி நேரம் ஒரு தூரமா? என் தம்பி பாஸ்கர் நாவலூரில் இருக்கிறான். ஐ.டி. கம்பெனி வாசலிலேயே அடுக்குமாடி வீடு. அங்கிருந்து எங்கள் அப்பா அம்மா இருக்கும் சிட்லபாக்கத்துக்கு ஒரு மழை நாளில் வந்து பாருங்கள். சோழிங்கநல்லூர் சிக்னலில் ஒரு காபி, மேடவாக்கத்தில் ஒரு தூக்கம் போடலாம். ஒருமுறை நானும் அவனும் ஒரே நேரத்தில் கிளம்பி, நான் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் இறங்கி வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டும் ஆயிற்று, அவன் "வந்துட்டே இருக்கேன்க்கா" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தான். வெளிநாட்டில் இருப்பது நான் என்று பெயர்.

ஆனாலும் அப்பா வரவில்லை. நான் இங்கே வந்து பதினெட்டு வருஷம். அம்மா நாலு முறை தனியாக வந்து போய்விட்டாள். அப்பா மட்டும் இந்த வருஷம் வரைக்கும் வரவே இல்லை.

2

காரணம் கேட்டால் அப்பா காலண்டரைக் காட்டுவார்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் தினசரி காலண்டர் ஒன்று தொங்கும். அதில் கிழிக்கிற வேலை அப்பாவுடையது. வேறு யாரும் தொடக்கூடாது. தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் யார் யாரோ கடல் கடந்து பேச லைன் போட்டுக் கொடுத்த மனுஷர். அவரை ஒரு தடவை கடல் தாண்ட வைக்க எங்களால் ஆகவில்லை.

"ஆனி மாசம் வாங்கப்பா" என்றால், "அஷ்டமி நவமி சேர்ந்து வருதேம்மா" என்பார். "சரி, ஆவணி?" "சந்திராஷ்டமம்." ஒரு வருஷம் எல்லாமே சரியாக அமைந்துவிட்டது. மனுஷர் காலண்டரை இப்படியும் அப்படியும் புரட்டிவிட்டு, "அந்த வாரம் ஏரியில தண்ணி திறந்துவிடுவாங்களோ என்னவோ, வீட்டைப் பூட்டிட்டு வர முடியாது" என்றார்.

அம்மாவுக்கு இதில் எல்லாம் பொறுமை கிடையாது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்கப்பாவுக்குப் பிளேன்னா பயம். அதைச் சொல்ல வாய் வரலை" என்பாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

ஆனால் ஒன்று பொருந்தாது. தினமும் சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்கும்போது, தலைக்கு மேலே எந்த விமானம் போனாலும் அப்பா நின்று அண்ணாந்து பார்த்து, "சிங்கப்பூர் ஃப்ளைட்" என்பார். "அது மதுரைக்குப் போறது" என்று அம்மா சொன்னாலும் கேட்க மாட்டார். பயப்படுகிறவர் இப்படி ஆசையாக அண்ணாந்து பார்ப்பாரா?

இன்னொன்று, அவருடைய பாஸ்போர்ட். நான் இங்கே வந்த வருஷமே எடுத்தார். ஒரு முத்திரைகூட விழாமல் அது காலாவதியானது. திரும்பப் புதுப்பித்தார். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்கயுமே போகலையே சார், அப்புறம் எதுக்கு ரெனியூவல்?" என்று கேட்டாராம். "பொண்ணு அங்க இருக்கா" என்றாராம் அப்பா. அம்மா இதைச் சிரிப்பதற்காகத்தான் போனில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3

இந்த வருஷம் நாங்கள் சொந்த வீடு வாங்கினோம். பன்னிரண்டாவது மாடி, மூன்று அறை, ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கில் காயும் துணிகள். எத்தனை விண்ணப்பம், எத்தனை காத்திருப்பு, எத்தனை கையெழுத்து என்பதை இங்கே வசிப்பவர்கள் அறிவார்கள். சாவி கைக்கு வந்த அன்றே நான் என் கணவர் முரளியிடம் சொல்லிவிட்டேன். "அப்பா வந்து பால் காய்ச்சினாத்தான் இந்த வீட்டுக்குள்ள குடிபோவேன்." முரளிக்குப் பெற்றோர் இல்லை. எங்களுக்குப் பெரியவர்கள் என்றால் சிட்லபாக்கத்து இரண்டு பேர்தான். வாடகை வீட்டைக் காலி செய்யும் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த முறை நான் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டேன். தேதி கேட்டுவிட்டு டிக்கெட் வாங்கவில்லை. டிக்கெட் வாங்கிவிட்டுத் தேதி சொன்னேன். பால் காய்ச்ச வெள்ளிக்கிழமை முகூர்த்தம் அப்பாவே குறித்துக் கொடுத்திருந்தார். விசாவும் வந்துவிட்டது. நானே நேரில் போய் இருவரையும் கையோடு அழைத்துவருவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை பகல் பதினோரு மணி வாக்கில் விமானம்.

"திங்களா?" என்றார் அப்பா.

"ஏன்ப்பா?"

"சிங்கப்பூர் எந்தத் திசை?"

தென்கிழக்கு என்றேன். கிழக்கு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். திங்கட்கிழமை கிழக்கே சூலமாம்.

"ஒரு கரண்டி தயிர் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க, சூலத்துக்கு அதானே பரிகாரம்" என்றாள் அம்மா.

"தயிரெல்லாம் மவுண்ட் ரோடு போறதுக்குத்தான் சரி. கடல் தாண்டணும்னா பரஸ்தானம் வைக்கணும்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில், நம் துணிமணி கொஞ்சத்தை மூட்டை கட்டி அக்கம்பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அந்த நிமிஷமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ஆள் எப்போது கிளம்பினாலும் பாதகமில்லை. ஒரே ஒரு நிபந்தனை: வைத்த மூட்டை வீட்டுக்குத் திரும்பக் கூடாது. மூட்டை திரும்பினால் பயணமும் திரும்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஒரு வேட்டியை எடுத்து மடித்தார். அதன் மூலையில் ஒரு மஞ்சள் கிழங்கை வைத்து முடிச்சுப் போட்டார். கூட ஒரு துண்டு. இரண்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, கிழக்குப் பக்கத்து வீட்டு சலீம் அங்கிளிடம் கொடுத்துவிட்டு வந்தார். தாம்பரம் மார்க்கெட் பக்கம் எலெக்ட்ரிக் கடை வைத்திருப்பவர். முப்பது வருஷப் பழக்கம். நான் முதன்முதலாக சிங்கப்பூர் கிளம்பியபோதும் என் துப்பட்டா ஒன்று அவர் வீட்டு அலமாரியில் ஒருநாள் தங்கியிருக்கிறது.

"சார் பயணம் நம்ம வூட்லேர்ந்து ஸ்டார்ட் ஆயிடுச்சு" என்று அவர் மதில் மேலாகச் சொன்னார். அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும்தான்.

4

திங்கட்கிழமை காலை ஏழு மணி. ஏழரைக்கு ராகுகாலம், அதற்குள் கிளம்ப வேண்டும். பெட்டிகள் வாசலில். கார் கொண்டுவர வேண்டிய பாஸ்கர் போனில். "நைட்டு பெஞ்ச மழைக்கா, மேடவாக்கத்துல நிக்கறேன். அசையவே மாட்டேங்குது." நான் எதிர்பார்த்ததுதான்.

அப்போது கேட் திறக்கும் சத்தம். சலீம் அங்கிளின் புது மருமகள் ரிஸ்வானா. கல்யாணமாகி ஆம்பூரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தலையில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, மூச்சு வாங்க ஓடிவந்தாள். கையில் அப்பாவின் துணிப்பை.

"நல்லவேளை அங்கிள், நீங்க இன்னும் கிளம்பல. இதை எங்க வீட்ல மறந்துட்டீங்க. அலமாரில பாத்தேன். பிளேன் ஏறினப்புறம் தெரிஞ்சிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?"

நல்ல பெண். உதவி செய்த சந்தோஷம் முகமெல்லாம். அப்பா பையை வாங்கிக்கொண்டார். "ரொம்ப தேங்க்ஸ்மா" என்றார். அவள் போனதும் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னப்பா?"

"வந்துடுச்சு. பயணம் திரும்பி வீட்டுக்கு வந்துடுச்சு. நீயும் அம்மாவும் போங்க சுதா. எனக்கு இந்த வருஷமும் பிராப்தம் இல்லை."

நான் கெஞ்சினேன். வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தை நினைவுபடுத்தினேன். கோபப்பட்டேன். "என் வீட்டுல நீங்க பால் காய்ச்சலைன்னா யாருப்பா காய்ச்சுவாங்க?" என்று கேட்டேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சிலேயே ஏழரை தாண்டிவிட்டது. "பாத்தியா, இப்ப ராகுகாலமும் வந்தாச்சு" என்றார், வாட்சைக் காட்டி. எனக்கு அவ்வளவுதான் என்று தோன்றிவிட்டது.

அம்மா அதுவரை சமையலறையில் இருந்தாள். பால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்து வாட்சைக் கழற்றினாள். பக்கவாட்டுத் திருகை இழுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

"ஏய், என்ன பண்றே?"

"நாலு தடவை போய் வந்தவ நான். அங்க இங்கயவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. இங்க ஏழே முக்கால்னா அங்க பத்தேகால்." வாட்சைத் திருப்பி அவர் கையில் மாட்டினாள். "பாருங்க. பத்தேகால். உங்க ராகுகாலம் ஒம்பது மணிக்கே முடிஞ்சுபோச்சு. போற ஊர் நேரத்துக்கு வந்தாச்சு, எழுந்திருங்க."

அப்பா வாட்சைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. மருமகளிடம் விஷயம் கேட்டுவிட்டு, சலீம் அங்கிள் லுங்கியோடு ஓடிவந்துகொண்டிருந்தார்.

"சார், அந்தப் பொண்ணுக்குத் தெரியாது சார், வூட்டுக்குப் புச்சு. பை வூட்டு உள்ள போச்சா? படி தாண்டிச்சா?"

பை அப்பாவின் மடியில் இருந்தது. நாற்காலி வராந்தாவில் இருந்தது. வராந்தா வீடா, வெளியா? நாலு பேரும் வாசற்படியைப் பார்த்தோம்.

"தாண்டல" என்றாள் அம்மா.

"அப்பறம் இன்னா?" சலீம் அங்கிள் பையை வாங்கிக்கொண்டார். "இது இப்ப என் வூட்டுப் பொருளு. என் கார்ல, என் கூடவே வருது. ஏர்போர்ட்ல எறங்கி நீங்க வாங்கிக்கங்க. பாஸ்கர் எங்க கீறான்? மேடவாக்கத்துலயா? அவன் சாய்ங்காலம் வருவான். ஏறுங்க சார்."

அப்பா எழுந்தார். நின்ற இடத்திலேயே மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அந்தப் பொத்தானைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது. ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க அந்தத் துணிப்பை சலீம் அங்கிளின் ஸ்டியரிங்குக்கு முன்னால், கண்ணாடியை ஒட்டி, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து வந்தது.

5

மீனம்பாக்கத்தில் அப்பாவின் பாஸ்போர்ட்டில் முதல் முத்திரை விழுந்தது. அதிகாரி இயந்திரம் மாதிரி குத்திவிட்டு நீட்டினார். அப்பா அங்கேயே நின்று, மை காயட்டும் என்று ஊதினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

விமானம் கிளம்பியபோது ஜன்னல் பக்கம் அவர்தான். கொஞ்சம்கூடப் பயமில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு, "அதோ நம்ம ஏரி" என்றார். கீழே வெள்ளித் தட்டு மாதிரி மூன்று நான்கு ஏரிகள் தெரிந்தன. சிட்லபாக்கமோ, சேலையூரோ, யாருக்குத் தெரியும். "ஆமாம்ப்பா" என்றேன். அம்மா அதற்குள் தூங்கிவிட்டாள்.

சாப்பாடு வந்தது, தட்டை எடுத்துப் போனார்கள், அப்பா முன்சீட்டுத் திரையில் சின்ன விமானம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கப் போகிறோம் என்று அறிவித்தபோது திடுக்கிட்டார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாம்ப்பா."

"இவ்ளோ கிட்டயாவா இருந்தே?"

நான் அவருடைய சீட் பெல்ட்டைச் சரிபார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"உங்கம்மா சொல்ற மாதிரி பயமெல்லாம் இல்லை. நீ இங்க வாடகை வீட்டுல இருந்தே. வாடகை வீடுன்னா நீ என்னைக்காவது காலி பண்ணிட்டு வந்துடுவேன்னு இருந்தேன். நான் வந்து, பாத்து, ஊர் நல்லா இருக்குன்னு என் வாயால சொல்லிட்டா, அப்புறம் அது உன் ஊரு ஆயிடும் இல்ல? அதான் வரலை."

"அப்புறம் ஏன்ப்பா இப்ப?"

"வீடே வாங்கிட்டே. இனிமே நான் பாக்காம இருந்தா மட்டும் நீ வரப்போறியா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். "பாஸ்போர்ட்டையும் எத்தனை தடவைதான் சும்மா புதுப்பிக்கிறது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பதினெட்டு வருஷமாகக் காலண்டரை நம்பிய முட்டாள் நான். விமானம் தரையைத் தொட்டபோது அப்பா வாட்சைப் பார்த்து, "நேரம் மாத்த வேண்டாம், உங்கம்மா காலையிலயே மாத்திட்டா" என்றார்.

6

இங்கே இறங்கிய இடத்தில் முத்திரை குத்தவில்லை. எல்லாம் இப்போது மின்னஞ்சலில். அப்பாவுக்கு அது பெரிய ஏமாற்றம். "வந்ததுக்கு ஒரு அடையாளம் வேண்டாமா?" என்று டாக்ஸி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

வாடகை வீட்டு வாசலில் நிலா கைகூப்பி நின்றாள். "வணக்கம் தாத்தா. தங்கள் பயணம் இனிதாக அமைந்ததா?"

அப்பா ஒரு கணம் திகைத்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மிக இனிதாக அமைந்தது பேத்தி. தாங்கள் நலமா?" என்றார். அன்றிலிருந்து இருவருக்கும் அதுவே பாஷை. கீழே கடைக்குப் போவதென்றாலும் "புறப்படலாமா?" "சற்றுப் பொறுங்கள், காலணி அணிந்துகொள்கிறேன்" என்று மேடைப்பேச்சு. வெளியூர்ப் பிள்ளையாகப் போய்விட்டாளே என்று நான் கவலைப்பட்ட பெண்ணோடு அப்பா ஒரு நாளில் செந்தமிழில் கூட்டுச் சேர்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை புது வீட்டில் பால் வைத்தோம். மின்சார அடுப்பு. பால் பொங்கி வழிந்து கண்ணாடித் தளத்தில் பட்டதும் அடுப்பு கீச்சென்று கத்திவிட்டுத் தானாக அணைந்துபோனது.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். நான் சகுனத்துக்குப் பயந்து நின்றேன்.

அப்பா அடுப்பைக் குனிந்து பார்த்தார். "பால் எந்தப் பக்கம் வழிஞ்சுது?"

"கிழக்கே" என்றார் முரளி உடனே. கிழக்கு எது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

"கிழக்கேதானே? போதும். பொங்கின உடனே அணைஞ்சுடுச்சு, அடுப்புக்கே தெரிஞ்சிருக்கு" என்றார் அப்பா. அம்மா சர்க்கரை போட்டு எல்லாருக்கும் ஊற்றினாள். எதிர் வீட்டுச் சீனப் பாட்டிக்கும் ஒரு டம்ளர் போயிற்று. அப்பா ஜன்னல் அருகே நின்று, எதிர் பிளாக்கின் துணிகளைப் பார்த்துக்கொண்டே பாலைக் குடித்தார். "ஊர் நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

இருபது நாள் இருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் கிளம்பிப் போனார்கள். போகிற அன்று அப்பா காலண்டரைப் பற்றிப் பேசவே இல்லை.

7

நிலாவின் கேள்விக்கு வருகிறேன். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அலமாரியை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். முரளியின் நண்பர் மறுநாள் சென்னைக்குப் போகவிருந்தார். ஊருக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டுமா என்று கேட்டிருந்தார்.

அவர்கள் தங்கியிருந்த அறையின் அலமாரியில், மேல்தட்டில், ஓரமாக அப்பாவின் வேட்டி ஒன்று இருந்தது. மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தேன். போனைப் போட்டேன். அம்மாதான் எடுத்தாள்.

"அம்மா, அப்பா வேட்டி ஒண்ணு இங்கேயே விட்டுட்டுப் போயிட்டார். நாளைக்கு ஒருத்தர் வர்றார், கொடுத்தனுப்பறேன்."

"கொண்டுபோன வேட்டியில ஒண்ணு குறையுதேன்னு நான் அன்னிக்கே கேட்டேன். 'தேடாதே, இருக்க வேண்டிய இடத்துல இருக்கு'ன்னார். என்னமோ போ."

பேசிக்கொண்டே வேட்டியைப் பைக்குள் வைக்கப் போனேன். விரலில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. மடிப்பை விலக்கி மூலையைத் தடவிப் பார்த்தேன். மஞ்சள் கிழங்கு. முடிச்சு இறுக்கமாக இருந்தது.

"அம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

நிலா பக்கத்தில் வந்து நின்றாள். "தாத்தாவின் வேட்டியா? அனுப்பப் போகிறீர்களா?"

"இல்லடா. இது திரும்பிப் போகக் கூடாது." பரஸ்தானம் என்றால் என்ன என்று அவளுக்குச் சொன்னேன். அவள் முடிச்சைத் தொட்டுப் பார்த்து யோசித்தாள்.

"அப்படியென்றால் தாத்தா மீண்டும் இங்கு வருவதற்கு ஏற்கெனவே புறப்பட்டுவிட்டாரா?"

"புறப்பட்டாச்சு" என்று சொல்லி, வேட்டியை இருந்த மடிப்பிலேயே மேல்தட்டில் திரும்ப வைத்தேன்.